முதல் ஆயிரம் கிலோமீட்டர்

புது மோட்டார் சைக்கிளோடு வரும் கையேட்டை யாரும் முழுசாகப் படிப்பதில்லை. ஆனால் அதில் ஒரு பக்கத்தைப் பற்றி மட்டும் எல்லோரும் கேள்விப்பட்டிருப்போம். முதல் 500 கிலோமீட்டருக்கு முழு ஆக்ஸிலேட்டரில் கிளம்பாதே, சட்டென்று வேகம் எடுக்காதே, ஓங்கி பிரேக் பிடிக்காதே, வேகத்தில் போகும்போது கியரைத் தட்டிக் குறைக்காதே என்கிறது ஹோண்டாவின் கையேடு. வேறு சில நிறுவனங்கள் இந்தக் காலத்தை 1,000 கிலோமீட்டர், 1,600 கிலோமீட்டர் என்று நீட்டும். இத்தனை ஆர்பிஎம்முக்கு மேல் வெகுநேரம் போகாதே என்று எண்ணையும் கையில் கொடுத்துவிடும். ரன்னிங்-இன் என்று இதற்குப் பேர்.

அப்படிப் பார்த்தால் ஒரு புது வண்டியில் இரண்டு வரம்புகள் இருக்கின்றன. ஒன்று, ஆர்பிஎம் மீட்டரில் சிவப்பாகப் போட்டிருக்கும் கோடு. இன்றைய இன்ஜெக்‌ஷன் வண்டிகளில் அதைத் தாண்டப் பார்த்தால் உள்ளிருக்கும் சின்னக் கணினி பெட்ரோலையோ ஸ்பார்க்கையோ வெட்டிவிடும். வண்டி விக்கும், ஆனால் தாண்டாது. ஓட்டுகிறவர் நல்லவரா கெட்டவரா என்று அது கேட்பதில்லை. இன்னொன்று இந்த ரன்னிங்-இன் வரம்பு. இதைக் காக்கக் கணினி இல்லை, கேமரா இல்லை, போலீஸ் இல்லை. மீறினால் அன்றைக்கு ஒன்றும் ஆகாது. மீறாமல் இருந்தாலும் யாரும் முதுகில் தட்டப்போவதில்லை.

யாரும் பார்க்காத, மீறியது தெரியவே வராத ஒரு விதியை நான் எதற்குக் கடைப்பிடிக்க வேண்டும்? மோட்டார் கடை வாசலில் கேட்கிற கேள்வி மாதிரிதான் இருக்கிறது. ஆனால் மிகப் பழைய கேள்வி. பிளேட்டோவின் ‘குடியரசு’ நூலில் ஒரு மோதிரம் வரும். அதைத் திருப்பிப் போட்டுக்கொண்டவன் யார் கண்ணுக்கும் தெரியமாட்டான். அப்போதும் அவன் ஒழுங்காக இருப்பானா, எதற்காக இருக்க வேண்டும் என்று அங்கே விவாதிப்பார்கள். புது வண்டி வாங்கிய ஒவ்வொருவருக்கும் அந்த மோதிரம் சில வாரங்களுக்குக் கிடைக்கிறது.

பதில் சொல்வதற்கு முன், அந்த வரம்பு எதைக் காக்கிறது என்று பார்த்துவிடலாம்.

சிலிண்டரின் உட்சுவர் கண்ணாடி மாதிரி வழவழப்பாக இருக்கும் என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். அப்படி இருக்காது. தொழிற்சாலையிலேயே அதில் வேண்டுமென்றே குறுக்கு மறுக்காக நுண்ணிய கீறல்கள் போட்டு அனுப்புகிறார்கள். கீறலின் பள்ளங்களில் எண்ணெய் தங்கும். மேடுகளை பிஸ்டன் ரிங் ஓடி ஓடித் தேய்க்கும். அப்படித் தேய்ந்துதான் ரிங்கும் சுவரும் ஒன்றுக்கொன்று பொருந்துகின்றன. 5,000 ஆர்பிஎம்மில் பிஸ்டன் ஒரு விநாடிக்கு 83 முறை மேலே போய்க் கீழே வருகிறது. இந்த வேகத்தை இரண்டு மடங்காக்கினால், பிஸ்டன் திரும்பும் ஒவ்வொரு முறையும் அதைப் பிடித்து இழுக்கிற விசை நான்கு மடங்காகிவிடும். இன்னும் பொருந்தி முடியாத பாகங்கள் மேல் அந்த விசையும் சூடும் விழக் கூடாது. வரம்பின் ஒரு பாதி காரணம் இது.

இன்னொரு பாதியை நாம் மறந்துவிடுகிறோம். ரொம்ப மென்மையாக ஓட்டினாலும் எஞ்சின் கெடும். பெட்ரோல் எரியும்போது உண்டாகும் அழுத்தம்தான் ரிங்கைப் பின்னாலிருந்து தள்ளிச் சுவரோடு ஒட்டவைக்கிறது. பயந்து பயந்து உருட்டிக்கொண்டே இருந்தால் அந்த அழுத்தம் போதாது. ரிங் சரியாக உட்காராது. சுவரில் எண்ணெய் தீய்ந்து வார்னிஷ் போலப் படியும். பிறகு அந்த எஞ்சின் ஆயுள் முழுக்க எண்ணெய் குடிக்கும், நீலப் புகை விடும். அதனால்தான் ஒரே வேகத்தில் பிடித்துக்கொண்டே போகாதே, ஏற்றி இறக்கி ஓட்டு என்று பல கையேடுகள் சேர்த்துச் சொல்கின்றன. வேலை கொடு, ஆனால் வதைக்காதே என்பதுதான் விதியின் சாரம்.

இப்போது இந்த விதியை மலைக்குக் கொண்டுபோவோம். தாப்பாவில் புது வண்டி எடுத்து ரிங்லெட் தோட்டத்து வீட்டுக்கு ஓட்டிப் போகிறவரை நினைத்துப் பாருங்கள். மீட்டரில் கிலோமீட்டர் இன்னும் பூஜ்ஜியத்தை ஒட்டியே நிற்கிறது. எதிரே 59ஆம் எண் கூட்டரசு சாலை. லாத்தா இஸ்கந்தார் அருவியைக் கடந்து, வளைவுக்கு மேல் வளைவாக 40 கிலோமீட்டருக்கும் மேல் ஏறி, கடல்மட்டத்திலிருந்து 1,000 மீட்டரைத் தாண்டி, பேராக் மாநிலத்தை விட்டு பகாங்குக்குள் நுழைந்தால்தான் ரிங்லெட். எதிரில் காய்கறி லாரிகள் இறங்கி வரும். கேமரன் மலையின் தேயிலைத் தோட்டங்களுக்கும் காய்கறிப் பண்ணைகளுக்கும் போகிற பழைய வாசல் இது. சமவெளி ஊர்க்காரருக்கு முதல் 50 கிலோமீட்டர் என்பது கடைக்கும் வேலைக்கும் நாலு நாள் போய்வருவது. ரிங்லெட்காரருக்கோ அது ஒரே மூச்சில் ஒரு மலை.

இந்த இடத்தில் விதிக்குக் கீழ்ப்படிய இரண்டு வழி இருக்கிறது. ஒருவர் ஆர்பிஎம் ஏறவே கூடாது என்று மேல் கியரிலேயே ஏற்றுவார். முள் கீழேயே நிற்கும். கையேட்டின் எண்ணை அவர் ஒரு இடத்திலும் மீறவில்லை. ஆனால் வண்டி முக்கும், அதிரும், சூடேறும். இன்னொருவர் கியரை இறக்கி, எஞ்சினைக் கொஞ்சம் கூடுதலாகச் சுற்றவிட்டு, ஆக்ஸிலேட்டரை லேசாகப் பிடித்து ஏறுவார். இடையில் நிறுத்தி எஞ்சினை ஆறவிடுவார். சில வளைவுகளில் முள் எண்ணைத் தொட்டுத் தாண்டியும் இருக்கும். மலையில் வண்டி பார்க்கிற எந்த போர்மெனைக் கேட்டாலும் (மெக்கானிக்கை மலேசியாவில் அப்படித்தான் சொல்வோம்) பதில் ஒன்றுதான்: “தம்பி, சத்தத்துக்குப் பயந்து மேல் கியர்லயே ஏத்தாத. கியரை இறக்கிக்க. வண்டி முக்கக் கூடாது.” எண்ணைக் காப்பாற்றியவர் எஞ்சினை வதைத்தார். எண்ணைக் கொஞ்சம் வளைத்தவர் எஞ்சினைக் காப்பாற்றினார்.

அரிஸ்டாட்டில் தன் ஒழுக்கவியல் நூலில் லெஸ்போஸ் தீவின் கட்டடத் தொழிலாளர்கள் வைத்திருந்த ஈயக் கோலைப் பற்றிச் சொல்கிறார். இரும்புக் கோல் போல அது விறைத்து நிற்காது. கல் எப்படி வளைகிறதோ அப்படியே வளைந்து அளக்கும். சட்டம் பொதுவாகத்தான் எழுத முடியும், வாழ்க்கையோ ஒவ்வொரு கல்லாக வரும், அதனால் நியாயம் என்பது அந்த ஈயக் கோல் மாதிரி இருக்க வேண்டும் என்பது அவர் வாதம். கையேடு எழுதியவருக்கு ரிங்லெட் தெரிந்திருக்க வேண்டியதில்லை. தெரிந்தவர்தான் அதை வளைத்துப் படிக்க வேண்டும். ஹோண்டா இஎக்ஸ் 5 மாதிரியான கப்சாய்களில் ஆர்பிஎம் மீட்டரே கிடையாது. அங்கே காதும் தொடையில் படும் அதிர்வும்தான் மீட்டர்.

ஆனால் இது வழுக்கும் இடம். வளைக்கலாம் என்று சொன்ன அடுத்த நிமிஷமே எல்லோரிடமும் ஒரு ஈயக் கோல் முளைத்துவிடும். “முதல் நாளே ஓங்கி முறுக்கினாத்தான் ரிங் நல்லா உட்காரும்” என்று சொல்கிற கட்சி உலகம் முழுக்க இருக்கிறது. அவர்கள் சொல்வதில் ஒரு நியாயமும் உண்டு; ரிங் உட்கார அழுத்தம் வேண்டும் என்று மேலேயே பார்த்தோம். இன்றைய எஞ்சின்கள் முன்னைவிடத் துல்லியமாகக் கடையப்படுகின்றன, பழைய பயம் அவ்வளவும் தேவையில்லை என்பதும் சரிதான். அப்படியென்றால் மலைக்காக வளைத்தவரையும், வெள்ளிக்கிழமை ராத்திரி ரெம்பிட் பையன்களோடு போட்டி போடுவதற்காக வளைத்தவரையும் எப்படிப் பிரித்துப் பார்ப்பது? இருவர் கையிலும் இருப்பது ஒரே வாதம்தானே?

ஒரு சின்னச் சோதனை இருக்கிறது. விதி எதைக் காக்க வந்ததோ அதற்காக வளைத்தாயா, உனக்காக வளைத்தாயா? முதலாமவர் எஞ்சினுக்காக வளைத்தார். அதற்காகத் தன் அவசரத்தையும் கொஞ்சம் விட்டுக்கொடுத்தார், வழியில் நின்று ஆறவிட்டார். இரண்டாமவர் வாதத்தில் எஞ்சின் ஒரு சாக்கு. காரணம் தெரிந்தவருக்குத்தான் விதியை வளைக்கும் உரிமை. அந்தக் காரணத்துக்கு ஏதாவது விலை கொடுக்கிறாரா என்பதை வைத்துத்தான் அவர் உண்மையானவரா என்று சொல்ல முடியும்.

சரி, கடைசியில் கெட்டால் என் வண்டிதானே கெடுகிறது? என் காசு, என் எஞ்சின். இதில் அறம் எங்கே வருகிறது?

என் வண்டி என்பது எத்தனை நாளைக்கு என்பதில்தான் வருகிறது. தோட்டத்துக் குடும்பங்களில் ஒரு கப்சாய் ஒருவரோடு நிற்பதில்லை. அண்ணன் கோலாலம்பூருக்கு வேலைக்குப் போனால் தம்பிக்கு. தம்பி கார் வாங்கினால் மாமாவுக்கு. பிறகு செகண்ட்-ஹேண்ட் கடைக்கு. அங்கிருந்து முகம் தெரியாத யாரோ ஒருவருக்கு. அந்த ஒருவர் மீட்டரைப் பார்ப்பார். எத்தனை கிலோமீட்டர் ஓடியது என்று அது சொல்லும். எப்படி ஓடியது என்று சொல்லாது. முதல் ஆயிரம் கிலோமீட்டரின் கதை எந்த மீட்டரிலும் பதிவாகவில்லை. “எப்படிண்ணே ஓட்டுனீங்க?” என்று அவர் கேட்கலாம். பதில் நம் வாயில்தான் இருக்கிறது, சரிபார்க்க வழியில்லை. பிளேட்டோவின் மோதிரத்துக்கு என்னிடம் இருக்கும் பதில் இதுதான்: நம்மை யாரும் பார்க்காத அந்த நேரத்தில் நாம் செய்வது, நம்மை எப்போதும் பார்க்கப்போகாத ஒருவருக்குப் போய்ச் சேருகிறது. அதிகாலை இருட்டில் மலையிறங்கி வேலைக்குப் போகிற ஒருவருக்கு வண்டி பாதி வழியில் நிற்பது ஒரு நாள் சம்பளம்.

மனிதர்களுக்கும் ஒரு ரன்னிங்-இன் காலம் வேண்டும் என்று நாம் ஓரளவு ஒப்புக்கொண்டிருக்கிறோம். மலேசியாவில் புதிதாக லைசென்ஸ் எடுத்தவர் 2 ஆண்டுகளுக்கு ‘பி’ எழுத்தை ஒட்டிக்கொண்டு ஓட்ட வேண்டும். ஆனால் சாலையை விட்டு வேலைக்குள் நுழைந்தால் கதை வேறு. கொழுந்தை நிறுத்துப் பார்க்கும் தராசுக்குப் புது ஆள், பழைய ஆள் தெரியாது. இன்று நேபாளத்திலிருந்தும் வங்காளதேசத்திலிருந்தும் இந்தோனேசியாவிலிருந்தும் வந்து இந்த மலையில் வேலை பார்ப்பவர்களுக்கு, நூறு ஆண்டுகளுக்கு முன் கப்பலில் வந்த நம் பாட்டன்களைப் போலவே, குளிரும் சரிவும் பழகும் வரை யாரும் ஆர்பிஎம் குறைத்துக் கொடுப்பதில்லை. ஒப்புமையை ரொம்ப நீட்டவும் கூடாது. எஞ்சினைப் பழக்குவதே பிறகு அதை முழுசாக ஓட்டுவதற்குத்தான், மனிதரை அப்படி நினைக்கக் கூடாது. ஆனாலும் ஒரு 110 சிசி எஞ்சினுக்கு நாம் அச்சடித்துக் கொடுக்கும் பொறுமையை, முதல் வாரம் வேலைக்கு வந்தவருக்கு வாய்மொழியாகக்கூடக் கொடுக்காத இடங்கள் நிறைய.

இந்த விதியிடம் எனக்குப் பிடித்தது, அது தன்னையே முடித்துக்கொள்கிறது. முதல் சர்வீஸில் எண்ணெயை வடிக்கும்போது வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் சில சமயம் நுண்ணிய உலோகத் துகள் மின்னும். தேய வேண்டியது தேய்ந்துவிட்டது என்று அர்த்தம். அதற்குப் பிறகு வரம்பு இல்லை, சிவப்புக் கோடு மட்டும்தான்.

அந்தச் சிவப்புக் கோட்டின் காவலும் முழுசானதில்லை. ரிங்லெட்டிலிருந்து தாப்பாவுக்கு இறங்கும்போது வேகத்தில் ஒரு கியரைக் கூடுதலாகத் தட்டிக் குறைத்துவிட்டால், சக்கரம் எஞ்சினைப் பிடித்துச் சுற்றும். முள் கோட்டைத் தாண்டும். கணினியால் பெட்ரோலை நிறுத்தத்தான் முடியும், மலையை நிறுத்த முடியாது. அங்கே எஞ்சினைக் காப்பது, முதல் ஆயிரம் கிலோமீட்டரில் யாரும் பார்க்காதபோது பழகிய கைதான்.