இழந்த வண்டியும் தேடிய வண்டியும்



நம் குடும்பத்துப் பொருள் ஒன்று கைவிட்டுப் போய்விடுகிறது. அதே போன்ற மற்றொன்றைத் தேடி ஊர் ஊராக அலைகிறோம். அதற்காகப் பணத்தையும் கொட்டுகிறோம். இது பெற்றோர் மீது வைத்த அன்பா? அல்லது இஸ்ராஃப் என்னும் வீண் விரயமா?

சில நாட்களுக்கு முன் மஃரிப் தொழுகைக்குப் பின் நம் அன்பர்கள் சிலரிடையே இந்த விவாதம் எழுந்தது. “போனது போயிற்று, அதன் பின்னால் ஓடுபவன் புத்தியற்றவன்” என்றார் ஒருவர். “வாப்பாவின் நினைவைப் போற்றுவது எப்படி விரயமாகும்?” என்றார் மற்றவர். இரு பக்கத்திலும் நியாயம் உண்டு. ஆயினும் விவாதத்திற்குக் காரணமான நண்பரின் கதையை முழுதும் அறிந்தபின், கேட்க வேண்டிய கேள்வி வேறு என்பதே என் துணிபு.

நண்பர் ஜொகூர் பாருவில் ஜவுளி வியாபாரம் செய்பவர். அவருடைய தந்தை மர்ஹூம் அவர்கள் ராமநாதபுரம் சீமையிலிருந்து கப்பலேறி வந்து, கோத்தா திங்கியில் கடை வைத்தவர். 1971இல் பிரிட்டிஷ் ராணுவம் சிங்கப்பூரை விட்டு வெளியேறியபோது, ஊர் திரும்பிய ஒரு வெள்ளைக்காரக் குடும்பம் தன் சாமான்களை விற்றது. அவற்றில் ஒன்று, காருக்குப் பின்னால் பூட்டி இழுத்துச் செல்லும் சிறிய வீடு. கேரவன் என்பார்களே, அதுதான். இங்கிலாந்தில் சாம் ஆல்ப்பர் என்பவர் குறைந்த வருவாய்க்காரரும் வாங்கும்படி மலிவாகச் செய்து பரப்பிய ‘ஸ்பிரைட்’ வகையைச் சேர்ந்தது.

கேரவன் என்றதும் இன்று சினிமா நடிகர்கள் இளைப்பாறும் வண்டியே பலருக்கு நினைவு வரும். ஆனால் அச்சொல் நம் வணிக முன்னோருக்கு அந்நியமானதன்று. ‘கார்வான்’ என்னும் பாரசீகச் சொல்லே ஆங்கிலேயர் வாயில் அவ்வாறு திரிந்தது. பாலைவனத்தில் ஒட்டகங்களை வரிசையாக நடத்திச் சென்ற வணிகக் கூட்டத்திற்கு அது பெயர். குறைஷியர் மாரியிலும் கோடையிலும் மேற்கொண்ட பயணங்களைத் திருமறை நினைவூட்டுகிறது. அன்னை கதீஜா நாயகியாரின் சரக்குகளோடு நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் ஷாம் தேசத்துக்குச் சென்றதும் அத்தகைய கூட்டத்தில்தான்.

நண்பரின் தந்தையும் அந்த வண்டியை வியாபாரத்திற்கே முதலில் வாங்கினார். ஹரி ராயாவுக்கும் தீபாவளிக்கும் முன்னர் அதில் துணி மூட்டைகளை ஏற்றிக்கொண்டு ரப்பர்த் தோட்டங்களுக்குச் செல்வார். பள்ளி விடுமுறை வந்தால் மூட்டைகள் இறங்கும், பிள்ளைகள் ஏறுவார்கள். குடும்பம் முழுதும் மெர்சிங் கடற்கரைக்குப் போய் இரண்டு நாள் தங்கும். கீழ்ப்படுக்கையில் லாத்தாவும் இரண்டு சிறுவர்களும். மற்றதில் உம்மாவும் கைக்குழந்தையும். வாப்பாவுக்கு உள்ளே இடம் போதாது. அவர் வெளியே கித்தான் கட்டிலில் படுத்துக்கொண்டு, “எல்லாரும் உள்ளே இருக்கீங்களா?” என்று கேட்டுவிட்டுத்தான் கண்ணை மூடுவாராம்.

தந்தை 1998இல் இறையடி சேர்ந்தார். வண்டி வீட்டின் பின்புறம் நின்றது. 2006 டிசம்பரிலும் அடுத்து வந்த 2007 ஜனவரியிலும் கோத்தா திங்கியை மூழ்கடித்த வெள்ளத்தை ஜொகூர்வாசிகள் மறந்திருக்க மாட்டார்கள். நீர் வடிந்தபின் சென்று பார்த்தபோது வண்டியின் சுவர்கள் கழன்று கிடந்தன. பழைய இரும்புக்காரர் வந்து தூக்கிச் சென்றார். சேதமான வீட்டையும் பிள்ளைகள் விற்றுவிட்டனர்.

பதினைந்து ஆண்டுகளுக்கும் மேலான பின், உம்மாவின் முதுமையைக் கண்ட நண்பருக்கு அந்த வண்டியின் நினைவு வந்தது. அதே வகை, அதே அளவு, அதே காலத்து வண்டி வேண்டுமெனத் தேடத் தொடங்கினார்.

இங்கே நம் மார்க்க அறிஞர்கள் வகுத்த ஒரு பாகுபாட்டைக் கவனிப்போம். பிறர் பொருளை அழித்தவன் எவ்வாறு ஈடு செய்ய வேண்டும் என்பதைச் சொல்லுமிடத்து, பொருள்களை மித்லி என்றும் கீமி என்றும் இரண்டாகப் பிரித்தனர். அரிசியும் கோதுமையும் மித்லி. ஒரு மூட்டைக்கு அதே தரமுள்ள இன்னொரு மூட்டையைக் கொடுத்தால் கணக்குத் தீர்ந்தது. ஆடும் மாடும் கீமி. ஒன்றைப் போல் ஒன்று இராது. ஆகவே அதன் மதிப்பைப் பணமாகக் கொடுக்க வேண்டும்.

நண்பரின் வண்டி எதைச் சேர்ந்தது? ஆலையில் ஒரே மாதிரியாக ஆயிரக்கணக்கில் செய்யப்பட்டதால் சந்தையின் கண்ணுக்கு அது மித்லி. ஆனால் வாப்பா வெளியே படுத்துக் குரல் கொடுத்த வண்டி உலகில் ஒன்றே ஒன்றுதான். அதற்கு நிகரான பொருளும் இல்லை, விலையும் இல்லை. இந்த வேறுபாட்டை மறப்பவன் முதலில் தன்னையே ஏமாற்றிக்கொள்கிறான். தன்னை ஏமாற்றிக்கொள்பவனைப் பிறர் ஏமாற்றுவது எளிது.

அதுவே நடக்கவும் இருந்தது. ஒருவரிடம் அத்தகைய வண்டி இருப்பதாகக் கேள்வியுற்று நண்பர் சென்றார். புதுச் சாயம் பூசிப் பளபளவென்று நின்றது வண்டி. விலையோ மிக அதிகம். சற்றுத் தயங்கியபோது, “உங்க வாப்பா நினைவுக்கா விலை பேசுறீங்க?” என்றாராம் விற்பவர். அந்தச் சொல்லில் நண்பர் உருகிவிட்டார். முன்பணத்திற்காகப் பையில் கையை விட்டார்.

உடன் சென்றிருந்த தச்சர் விவரமறிந்தவர். இத்தகைய பழைய வண்டிகள் மரச் சட்டத்தின் மேல் மெல்லிய அலுமினியத் தகடு போர்த்தியவை. சன்னல் ஓரத்திலோ கூரை இணைப்பிலோ நீர் கசிந்தால் தகட்டுக்கு ஒன்றும் ஆகாது. உள்ளிருக்கும் மரம் மட்டும் ஆண்டுக்கணக்கில் ஊறி உளுத்துப்போகும். தச்சர் உள்ளே சென்று சன்னலுக்குக் கீழே திருப்புளியை வைத்து லேசாக அழுத்தினார். புட்டுக்குள் விரல் இறங்குவதுபோல் அது இறங்கிற்று.

நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் மதீனத்துச் சந்தையில் தானியக் குவியல் ஒன்றினுள் கையை விட்டபோது விரல்களில் ஈரம் பட்ட வரலாறு நாம் எல்லாரும் அறிந்ததே. மழையில் நனைந்தது என்றான் வணிகன். மக்கள் காணும்படி அதை ஏன் மேலே வைக்கவில்லை என்று கேட்ட பெருமானார், ஏமாற்றுபவன் நம்மைச் சேர்ந்தவனல்லன் என்றும் எச்சரித்தார்கள். அன்று தானியத்தின் அடியில் இருந்த ஈரமும் இன்று தகட்டின் அடியில் இருக்கும் ஈரமும் ஒன்றே. ஆயின் இங்கே குற்றம் இன்னும் கனத்தது. வயிற்றுக்காக வாங்குபவன் முகர்ந்தும் பிசைந்தும் பார்த்துத்தான் வாங்குவான். ஏக்கத்தால் வாங்குபவனோ கண்ணை மூடிக்கொண்டு வருகிறான். அவனுடைய ஏக்கத்தை முதலாக வைத்து இலாபம் பார்ப்பது, உறங்குபவன் மடியில் கை வைப்பதற்கு ஒப்பாகும்.

சில மாதங்கள் சென்றபின் பத்து பகாட் பக்கத்தில் ஒரு முதிய சீனரிடம் இன்னொரு வண்டி இருப்பது தெரிந்தது. விலையைக் கேட்பதற்கு முன்பே அவர் தரை விரிப்பைத் தூக்கிக் காட்டினார். பலகை உளுத்திருந்தது. முன்பக்கச் சுவரும் அப்படியே என்றும், வெளிச்சாயம் தாம் பூசியது, அதை நம்ப வேண்டாம் என்றும் மலாய் மொழியில் சொன்னார். சொன்ன விலையும் நியாயமானது. நம் மார்க்கத்தைச் சேராத அந்தப் பெரியவர், நம் பெருமானார் வணிகர்க்கு இட்ட கட்டளையை நிறைவேற்றினார். அதைக் கற்றறிந்த நம்மில் எத்தனை பேர் நிறைவேற்றுகிறோம் என்று நெஞ்சில் கை வைத்துக் கேட்டுக்கொள்வோம்.

நண்பர் மகிழ்ச்சியோடு வீடு திரும்பி உம்மாவிடம் செய்தி சொன்னார். உம்மா சற்று நேரம் பேசவில்லை. பிறகு, “வண்டி கெடச்சிருச்சு, சந்தோஷம்தான் வாப்பா. கீழ்ப்படுக்கையிலே லாத்தா வந்து படுப்பாளா?” என்று கேட்டார்கள்.

லாத்தா அந்த வீட்டுக்கு வந்து ஆறு ஆண்டுகள் ஆகியிருந்தன. காரணத்தையும் சொல்லிவிடுகிறேன். கோத்தா திங்கி வீட்டை விற்ற பணம் சகோதரர்களின் கடையில் முதலாகப் போய்விட்டது. அதில் லாத்தாவுக்குரிய பங்கு, “பிறகு பார்க்கலாம்” என்ற பேச்சிலேயே ஆண்டுக்கணக்கில் நின்றுவிட்டது. இப்போது வண்டிக்கென்று எடுத்து வைத்ததும் அந்தக் கடைப் பணமே! பெற்றோர் விட்டுச் சென்றது குறைவாயினும் அதிகமாயினும் அதில் பெண்ணுக்கும் பங்கு உண்டென்று இறைவன் விதித்திருக்க, அந்தப் பங்கிலிருந்தே தந்தைக்கு நினைவுச் சின்னம் வாங்கப் புறப்பட்டிருந்தார் நண்பர்.

அவரை இகழ்வதற்காக இதை எழுதவில்லை. “சுவருக்குள்ளே ஈரம் இருக்குதான்னு பார்க்க தச்சரைக் கூட்டிக்கிட்டுப் போனேன்; எங்க வீட்டுச் சுவரை நான் தட்டிப் பார்க்கலை” என்று அவரே என்னிடம் சொல்லிக் கண் கலங்கினார். இந்தக் கதையை நம் ஏட்டில் எழுதும்படி கூறியவரும் அவரே.

யூசுப் (அலை) அவர்களின் வரலாற்றில் சட்டை இருமுறை யஃகூப் (அலை) அவர்களிடம் வந்து சேர்கிறது. முதலில், பொய் இரத்தம் தோய்த்த சட்டையைச் சகோதரர்கள் கொண்டு வந்தார்கள். தந்தை அதை நம்பவில்லை. நெடுங்காலம் கழித்து மிஸ்ரிலிருந்து புறப்பட்ட வணிகக் கூட்டத்தோடு இன்னொரு சட்டை வந்தது. அது முகத்தில் பட்டதும் இழந்த பார்வை திரும்பியது. இரண்டும் யூசுபின் சட்டைகளே. ஒன்றைக் கொண்டு வந்தது துரோகத்தை மறைத்த நெஞ்சம். மற்றதைக் கொண்டு வந்தது பிழையை ஒப்புக்கொண்ட நெஞ்சம். பிரிந்த குடும்பம் ஒன்றுகூடும் வழியில் வந்த சட்டைதான் கண்ணுக்கு ஒளி தந்தது.

நினைவுப் பொருள் விஷயத்திலும் உரைகல் இதுவே. பழைய வண்டியைத் தேடலாமா, கூடாதா என்பதன்று கேள்வி. அதைக் கொண்டு எதை மறைக்கப் பார்க்கிறோம், எதைச் சேர்க்கப் பார்க்கிறோம் என்பதே கேள்வி.

அன்னை உம்மு ஸலமா (ரலி) அவர்கள் தம் கணவர் அபூ ஸலமாவை இழந்தபோது, பெருமானார் கற்பித்திருந்த பிரார்த்தனையை ஓதினார்கள். இழந்ததற்குப் பகரமாக அதனினும் மேலானதைத் தரும்படி இறைவனை வேண்டும் பிரார்த்தனை அது. அபூ ஸலமாவைவிட மேலானவர் யார் இருக்க முடியும் என்று அவர்களுக்கே தோன்றிற்று. எனினும் ஓதினார்கள், அண்ணலாரையே கணவராக அடைந்தார்கள். இழந்ததையே திருப்பித் தரும்படி கேட்கக் கற்பிக்கவில்லை நம் மார்க்கம். மேலானதைக் கேட்கவே கற்பித்திருக்கிறது. போன வண்டியைவிட மேலானது அதைப் போன்ற மற்றொரு வண்டியன்று. அதில் ஏறிச் சென்றவர்களின் ஒற்றுமையே.

நண்பர் மறுவாரமே கணக்குப் புத்தகத்தோடு லாத்தாவின் வீட்டுக்குச் சென்றார். பங்கு கணக்கிடப்பட்டது, ஒரு பகுதி உடனே தரப்பட்டது, மீதிக்குத் தவணை எழுதிக் கையொப்பமிட்டனர் சகோதரர்கள். வண்டிக்கென வைத்திருந்த பணம் அதிலேயே கரைந்தது. பத்து பகாட் பெரியவரிடம் சென்று, இப்போது வாங்க இயலாது என்று உண்மையைச் சொன்னார். அவர் சிரித்து, இவ்வளவு பழைய வண்டிக்கு என்ன அவசரம், நிற்கட்டும் என்றாராம். வண்டி இன்னும் அங்கேதான் நிற்கிறது. லாத்தா சென்ற ஹஜ்ஜுப் பெருநாளன்று உம்மா வீட்டுக்கு வந்து சாப்பிட்டுச் சென்றார். மெர்சிங் பயணம் பற்றி இன்னும் பேச்சில்லை.

சகோதரர்களே! நம்மில் பலர் வீட்டில் வாப்பாவின் தராசு இருக்கும், பெட்டி இருக்கும், கடையின் முதல் பெயர்ப்பலகை இருக்கும். துடைத்து வைப்போம், தவறில்லை. தொலைந்திருந்தால் அது போன்ற ஒன்றைத் தேடுவோம், அதுவும் தவறில்லை. ஆனால் அவர் விட்டுச் சென்ற கடனும், பிரிக்காத பாகமும், பேசாமல் இருக்கும் உடன்பிறப்பும் வீட்டுக்குள் இருக்கையில், பொருளைத் தேடி வெளியூர் போகவேண்டாம். வெளியே படுத்துக்கொண்டு அவர் ஒவ்வோர் இரவும் கேட்டது வண்டியைப் பற்றியன்று. எல்லாரும் உள்ளே இருக்கிறோமா என்பதையே கேட்டார்.

அந்தக் கேள்விக்கு ஆம் என்று பதில் சொல்லும் பேற்றை வல்ல ரஹ்மான் நம் ஒவ்வொரு குடும்பத்திற்கும் அருள்வானாக! ஆமீன்.