எவ்வளவு வேகம் போதும்?

ஷாங்காய் நகரில் 2010-இல் நடந்த உலகக் கண்காட்சிக்காக ஜெனரல் மோட்டார்ஸ், தன் சீனக் கூட்டாளி நிறுவனத்துடன் சேர்ந்து இ.என்-வி என்ற மின்சார மாதிரி வண்டியை உருவாக்கியது. அருகருகே இரண்டு சக்கரங்கள், இரண்டு இருக்கைகள், சுமார் 1.5 மீட்டர் நீளம், 500 கிலோவுக்கும் குறைந்த எடை. செக்வே வண்டியைப் போல அது தானே சமநிலை காத்து நிற்கும். கதவு முன்பக்கமாகத் திறக்கும். வழக்கமான ஒரு கார் நிற்கும் இடத்தில் இவற்றில் ஐந்தை நிறுத்தலாம். உள்ளே இருப்பவர் ஓட்டலாம். இல்லாவிட்டால் உணரிகளின் துணையோடும், மற்ற வண்டிகளுடன் தகவல் பரிமாறிக்கொண்டும் அதுவே ஓடும். நகர மனிதர் ஒரு நாளில் போகும் தூரம் அதிகமில்லை என்பதால் ஒருமுறை மின்னேற்றினால் 40 கிலோமீட்டர் ஓடினால் போதும் என்று வைத்தார்கள். உச்ச வேகமும் மணிக்கு 40 கிலோமீட்டர்தான்.

தானே ஓடும் வண்டி என்றதும் தத்துவ ஆசிரியர்கள் எடுக்கும் கேள்வி வேறு. மோதல் தவிர்க்க முடியாததானால் வண்டி யாரைக் காப்பாற்ற வேண்டும்? பிலிப்பா ஃபுட் 1967-இல் எழுதிய தடம் மாறும் டிராம் வண்டிப் புதிரிலிருந்து கிளைத்த கேள்வி இது. எம்.ஐ.டி. ஆய்வாளர்கள் இணையத்தில் இதைப் பொதுமக்களிடமே கேட்டு, 233 நாடுகளிலிருந்தும் ஆட்சிப் பகுதிகளிலிருந்தும் வந்த சுமார் நான்கு கோடி முடிவுகளை 2018-இல் வெளியிட்டார்கள். அதற்கு இரண்டு ஆண்டு முன் வந்த ஓர் ஆய்வு மனத்தை இன்னும் உறுத்துவது: பலரைக் காக்க ஒருவரைப் பலியிடும் வண்டியைச் சரி என்று ஒப்புக்கொண்டவர்களே, தாங்கள் ஏறும் வண்டி தங்களைத்தான் காக்க வேண்டும் என்றார்கள். ஜெர்மன் அரசு அமைத்த அறநெறிக் குழு 2017-இல், வயது, பாலினம் போன்றவற்றைக் கொண்டு மனிதரைத் தரம் பிரிக்கக் கூடாது என்று விதித்தது. அது நியாயமான விதி.

ஆனால் இந்த விவாதம் முழுவதும் வண்டியின் வேகத்தைக் கேள்வி கேட்காமல் ஏற்றுக்கொள்கிறது. பிரேக் பிடித்த பின் வண்டி ஓடும் தூரம் வேகத்தின் இருமடியைப் பொறுத்தது. மணிக்கு 60 கிலோமீட்டரில் போகும் வண்டி நிற்பதற்கு, 40-இல் போவதைப்போல் இரண்டேகால் மடங்கு தூரம் தேவை. பந்தைத் துரத்திக்கொண்டு தெருவில் ஓடிவரும் குழந்தைக்கு அந்த வித்தியாசம்தான் உயிர். யாரைக் காப்பது என்ற தேர்வே எழாத நிலையைப் பெருமளவு உண்டாக்குவது, எழுந்த பின் சரியாகத் தேர்வதைவிட மேலான அறம். மென்பொருள் எழுதப்படுவதற்கு வெகு முன்பே, உச்ச வேகம் எவ்வளவு என்று வரைபலகையில் குறிக்கும் கையே பாதித் தீர்ப்பை எழுதிவிடுகிறது.

கத்தோலிக்கக் குருவாக இருந்த இவான் இல்லிச் இதைச் சமூக நீதியின் கேள்வியாகவே பார்த்தார். எரிசக்தியும் சமத்துவமும் பற்றி அவர் எழுதிய சிறுநூல் 1974-இல் ஆங்கிலத்தில் வந்தது. காரை ஓட்டும் நேரத்தோடு, அதை வாங்கவும் பராமரிக்கவும் உழைக்கும் நேரத்தையும் அவர் கூட்டினார். சராசரி அமெரிக்கர் ஆண்டுக்கு 1,600 மணி நேரம் செலவிட்டு 7,500 மைல் போகிறார். மணிக்கு ஐந்து மைலுக்கும் குறைவு. ஒருவருடைய வேகம் ஓர் எல்லையைத் தாண்டினால் அது மற்றவர்களின் நேரத்தையும் தெருவையும் பறிக்கிறது என்பது அவர் வாதம். அந்த எல்லையை அவர் மிதிவண்டியின் வேகத்தை ஒட்டியே வைத்தார்.

அவர் கணக்கில் 40 கூட அதிகம்தான். ஆயினும் பெரிய கார்களை விற்று வளர்ந்த ஒரு நிறுவனம் நகரத்துக்கு இதுவே போதும் என்று ஒரு மாதிரி வண்டியிலாவது ஒப்புக்கொண்டது சிறிய செய்தி இல்லை.

சிக்கல் இன்னொரு பக்கம் இருக்கிறது. மற்ற வண்டிகள் எல்லாம் முன்போலவே பறக்கும் சாலையில் அடக்கமான வண்டியில் போகிறவரே ஆபத்துக்கு ஆளாவார். 500 கிலோ வண்டியை 1,500 கிலோ வண்டி மோதினால் அடிபடுவது யார் என்பதில் ஐயமில்லை. ஒருவரின் தன்னடக்கத்தின் விலையை அவர் மட்டுமே கொடுக்க வேண்டியிருந்தால் அது நெடுநாள் நிலைக்காது. எனவே வேக எல்லை தெருவுக்கே உரியதாக, எல்லோருக்கும் பொதுவாக இருக்க வேண்டும். ஸ்பெயின் 2021 மே மாதம் முதல், திசைக்கு ஒரே தடம் கொண்ட நகரத் தெருக்களில் மணிக்கு 30 கிலோமீட்டர் என்று நாடு முழுவதும் சட்டம் வைத்தது. அதே ஆண்டு ஆகஸ்டு இறுதியில் பாரிஸ் நகரமும் பெரும்பாலான தெருக்களுக்கு அதே எல்லையை விதித்தது.