மண்ணுள் இருக்குஞ் சித்திரம்

இங்கிலாந்து தேசத்திலே, குளொஸ்டர்ஷயர்ப் பகுதியில், வூட்செஸ்டர் என்றொரு சிற்றூர் உண்டு. அங்குள்ள பழைய தேவாலயத்துச் சவக்காலையின் கீழ் உரோமர் காலத்துப் பெருமனையொன்று புதைந்து கிடக்கின்றது. அதனைக் காணும் விருப்போடு சென்ற யாம் கண்டவை புல்லும் கல்லறைகளுமே. ஏமாற்றம் சிறிதன்று.

அம்மனையின் பெருங்கூடத்துத் தளம், நான்காம் நூற்றாண்டிலே, ஏறக்குறைய 15 இலட்சம் சிறு கற்றுண்டங்களைப் பதித்துச் செய்யப்பட்டது. ஓர்பியுஸ் என்னும் யாழ்வல்லோனது இசைக்கு உருகி, விலங்குகளும் பறவைகளும் பகையொழிந்து அவனைச் சூழ்ந்திருத்தல் அதிலுள்ள சித்திரமாம். சாமுவேல் லைசன்ஸ் என்பார் 1793ஆம் ஆண்டு தொடங்கி அதனை அகழ்ந்து, அளந்து, வரைந்து, 1797இல் நூலாக வெளியிட்டனர். பின்னர் அது மண்ணால் மூடப்பட்டது. இடையிடையே திறந்து காட்டினர். இறுதியாகத் திறந்தது 1973இல்.

காணப்படாத சித்திரத்தால் யாது பயன்? மாணாக்கர்க்குக் காட்டாது ஏட்டைப் பெட்டியிற் பூட்டிய ஆசிரியன், ஏடில்லாதானின் வேறாவனோ? எனின், திறந்த தளத்தை ஈரமும் உறைபனியும் மிதிக்குங் கால்களும் கெடுக்கும். பிறவாதார்க்கும் அதிற் பங்குண்டு. ஆதலின் மூடுதலே தக்கதென்பர். அற்றன்று, 1973இன் பின் அவ்வூரிற் பிறந்தாரும் அன்று பிறவாதாரே. அவர்க்கென வைத்ததை அவர்க்குங் காட்டாதொழியின், அது எவர்க்கென வைத்ததாம்? இவ்வினாவுக்கு நேர்விடை கூற எம்மால் இயலவில்லை.

ஆயினும் ஒன்று தெளிவு. மண் மட்டுங் காவலாகாது. மண்ணுள் மறைந்திருந்த காலத்திலேயே, பிணக்குழி தோண்டியோர் அத்தளத்தைப் பலவிடத்தும் வெட்டிச் சிதைத்தனர். ஓர்பியுஸின் உருவமே பெரிதும் அழிந்தது. அவர் தீயரல்லர், தம்மவரை அடக்கஞ் செய்ய நிலந் தோண்டியவர். எஞ்சியதைக் காப்பது மேலிருப்போரது அறிவே. லைசன்ஸ் வரைந்த படங்கள் உளவாதலினன்றோ, மூடியிருத்தலை யாமும் ஒருவாறு பொறுக்கின்றேம். 1973இற் கண்டு வியந்த சகோதரர் இருவர், பல்லாண்டு உழைத்து, அதுபோன்ற தளமொன்றைத் தாமே பதித்து முடித்தனர். மூடிய பொருள் இங்ஙனமும் ஒருவரை வேலைகொள்ளும் போலும்.

அங்கே புல் வெட்டிக்கொண்டிருந்த முதியவரை, “அத்தளம் எவ்விடத்தது?” என வினவினேம். “தாங்கள் நிற்குமிடத்தின் கீழேதான்” என்றார். யாம் சற்று விலகி நின்றேம்.