வகுப்பறைக்குள் வரும் உலகமும் பிள்ளை எனும் அமானிதமும்

 



நம் பிள்ளைகளின் வகுப்பறை இன்று நான்கு சுவர்களோடு நிற்பதில்லை. தமிழக அரசு 2019 ஆகஸ்டில் கல்வித் தொலைக்காட்சியைத் தொடங்கியது. கொரோனாவால் பள்ளிகள் மூடப்பட்டபோது பாடம் அதன் வழியாகவும் செல்போன் வழியாகவும் வீட்டுக்கே வந்தது. அரசு உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளுக்கு ஹைடெக் லேப் வந்திருக்கிறது. ஒகேனக்கல் மலையோரத்துப் பிள்ளையும் எங்கோ இருக்கும் ஓர் ஆசிரியரிடம் பாடம் கேட்க முடிகிறது. இது அல்லாஹ்வின் நிஃமத்.

ஆனால் ஆசிரியர் வரும் அதே வழியில் முகம் தெரியாதவனும் வருகிறான். பயந்து கதவை அடைப்பதா? படிப்புதானே என்று கண்ணை மூடிக்கொள்வதா? இரண்டுமே அமானிதத்தைப் பேணுவதாகாது.

ஹிஜ்ரி 2ஆம் ஆண்டு பத்ரு போரில் பிடிபட்ட மக்கத்துக் கைதிகள் சிலரிடம் மீட்புத்தொகை கொடுக்கப் பணம் இல்லை. அன்ஸாரிகளின் பிள்ளைகளுக்கு எழுதக் கற்றுக்கொடுப்பதையே அவர்களின் மீட்புத்தொகையாக நபி (ஸல்) அவர்கள் ஆக்கினார்கள். சண்டைக்கு வந்தவரிடமிருந்தும் கல்வியைப் பெறலாம் என்பது இதில் தெளிவு.

இப்னு அப்பாஸ் (ரலி) அவர்கள் வழியாக முஸ்னது அஹ்மதில் வரும் இந்த அறிவிப்பு அதோடு முடியவில்லை. ஒருநாள் ஒரு சிறுவன் அழுதுகொண்டே தன் தந்தையிடம் வந்தான். என்னவென்று அவர் கேட்டார். ஆசிரியர் அடித்துவிட்டார் என்றான். பத்ருக்குப் பழி தீர்க்கிறான் என்று புரிந்துகொண்ட தந்தை, இனி அவனிடம் போகவே வேண்டாம் என்றார்.

இதில் கவனியுங்கள். பிள்ளை வந்து சொன்னான். தந்தை கேட்டார், நம்பினார், உடனே செயல்பட்டார். அவர் கோபம் பிள்ளை மீது பாயவில்லை. அந்த ஆசிரியரிடம் போவதைத்தான் தடுத்தார். கல்வியே வேண்டாம் என்று அவர் சொன்னதாக அறிவிப்பில் இல்லை.

நம் வீட்டில் என்ன நடக்கிறது? பதின்மூன்று வயதுப் பெண்பிள்ளையிடம் ஒருவன் போட்டோ வாங்கிவிட்டு மிரட்டுகிறான் என்று வையுங்கள். அவளுக்கு அவனைவிட நம் மீதுதான் பயம் அதிகம். "அத்தாவுக்குத் தெரிந்தால் போனைப் பிடுங்கிவிடுவார், படிப்பை நிறுத்திவிடுவார்" என்று வாயை மூடிக்கொள்கிறாள். அந்தப் பயம்தான் மிரட்டுபவனின் முதலீடு. குற்றம் ஒருவன் செய்ய, தண்டனையைப் பிள்ளைக்குக் கொடுப்பது அநியாயம் அல்லவா? குடும்ப மானம் என்று மூடி மறைப்பதும் தவறு. 2012ஆம் ஆண்டு போக்சோ சட்டப்படி, பிள்ளைகள் மீதான பாலியல் குற்றம் தெரியவந்தால் புகார் செய்வது கடமை. குழந்தைகள் உதவிக்கு 1098, சைபர் குற்றத்துக்கு 1930 என்ற எண்கள் இருக்கின்றன.

அடுத்தது, அனுமதி. பிறர் வீட்டுக்குள் நுழையுமுன் அனுமதி கேட்கும் ஒழுக்கத்தை சூரா நூர் கற்றுத்தருகிறது. கேமராவும் ஒரு வாசல்தான். வெளியூர்ப் பள்ளியோடு காணொலி வகுப்பு என்றால் பெற்றோராகிய நீங்கள் கேளுங்கள்: மறுபக்கம் யார்? நம் ஆசிரியர் உடன் இருப்பாரா? பதிவு செய்கிறார்களா? அது யார் கைக்குப் போகும்? இப்படிக் கேட்பது ஆசிரியரைச் சந்தேகிப்பதாகாது. 2023இல் வந்த தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும், 18 வயதுக்குட்பட்டோரின் விவரங்களைக் கையாளப் பெற்றோரின் ஒப்புதலை வலியுறுத்துகிறது. மதரஸா பரிசளிப்பு விழா என்று பிள்ளையின் பெயர், பள்ளி, முகம் மூன்றையும் குரூப்பில் போடும் நாமும் இதை யோசிக்க வேண்டும்.

நம் ஊர் ஆற்றைப் பாருங்கள். சுழல் இருக்கிறது என்பதற்காக யாரும் காவிரியை மூடவில்லை. லைஃப் ஜாக்கெட் மாட்டி, ஆறு தெரிந்த பரிசல்காரர் கூடவே வருகிறார். நீர்வரத்து கூடினால் பரிசலுக்குத் தடை. பிள்ளையிடம் போனைக் கொடுத்துவிட்டு அடுத்த அறைக்குப் போய்விடுவது, துடுப்பில்லாமல் பரிசலில் ஏற்றிவிடுவதைப் போன்றது.

எனவே இன்று மஃரிபுக்குப் பிறகு பிள்ளையின் பக்கத்தில் உட்காருங்கள். என்ன படிக்கிறாய், யாரோடு பேசுகிறாய் என்று அன்பாகக் கேளுங்கள். "எது நடந்தாலும் என்னிடம் சொல், உன்னைத் திட்டமாட்டேன்" என்று வாக்குக் கொடுங்கள். கொடுத்த வாக்கைக் காப்பாற்றுங்கள்.

பிள்ளைகள் அழுதால் நம்மைத் தேடி வரும்படியான பெற்றோராக நம்மை ஆக்கி, அவர்களின் கல்வியிலும் ஈமானிலும் வல்ல அல்லாஹ் பரக்கத் செய்வானாக! ஆமீன்.