கோணற் சக்கரம்



முன்னொரு காலத்தில் பசேதனன் என்னும் அரசன் ஒருவன் இருந்தான். அவன் தன் தேர்த்தச்சனை அழைத்து, ஆறு திங்கள் கழிந்ததும் போர் மூளவிருக்கிறது, அதற்குள் புதிய சக்கரம் இரண்டு வேண்டும் எனப் பணித்தான். தச்சனும் இசைந்தான். ஆறு திங்களுக்கு ஆறே நாள் குறைவாக இருந்தபோது அரசன் வினவ, ஒரு சக்கரம் மட்டுமே முடிந்திருந்தது. எஞ்சிய ஆறு நாளில் மற்றதையும் செய்து முடித்து, இரண்டையும் அரசன்முன் கொணர்ந்து வைத்தான் தச்சன். அரசன் மாறிமாறிப் பார்த்தான். வேற்றுமை ஒன்றும் புலப்படவில்லை. தச்சன் ஆறு நாளில் செய்த சக்கரத்தை உருட்டினான். தள்ளிய விசை இருந்த மட்டும் ஓடி, விசை தீர்ந்ததும் அது சுழன்று மண்ணில் சாய்ந்தது. மற்றதை உருட்டினான். அதுவும் விசை இருந்த மட்டும் ஓடியது. விசை தீர்ந்ததும் அச்சில் கோத்தாற்போல் நிமிர்ந்து நின்றது. முதற் சக்கரத்தின் வட்டையிலும் ஆரக்காலிலும் குடத்திலும் கோணலும் வடுவும் நீங்காதிருந்தமையே வீழ்ச்சிக்குக் காரணம் என்று தச்சன் விளக்கினான். காசிக்கு அருகே இசிபதனத்தில் பகவான் புத்தர் இக்கதையைப் பிக்குகளுக்கு எடுத்துரைத்து, அந்நாளில் அத்தச்சனாக இருந்தவர் தாமே என்றும், அன்று மரத்தின் கோணலை அறிந்தது போல் இன்று உடல், மொழி, மனம் ஆகிய மூன்றின் கோணலை அறிவதாகவும் அருளினார். அங்குத்தர நிகாயத்தில் இதைக் காணலாம்.

இக்கதையில் நான் உங்கள் கருத்தை நிறுத்த விரும்பும் இடம் ஒன்று உண்டு. ஓடிக்கொண்டிருக்கும் வரையில் இரண்டு சக்கரங்களும் ஒன்றுபோலவே ஓடின. விசை கோணலை மறைத்துவிட்டது. சக்கரத்தை உடையவனாகிய அரசனுக்கோ அது நின்றபோதும் தெரியவில்லை, கிடந்தபோதும் தெரியவில்லை. பிறனொருவன் காட்டவேண்டியிருந்தது.

இன்று நம்மில் பெரும்பாலோர் ஏறிச் செல்வது தேரன்று, மோட்டார் சைக்கிள். ஆயினும் வட்டையும் ஆரக்காலும் குடமும் அதிலும் உண்டு. ஆதலின் அவ்வண்டியைப் பேணுதல் பற்றியும், வண்டியோட்டிகள் தம்முள் கொள்ளும் தோழமை பற்றியும் இன்று பேசுவது தம்மத்திற்குப் புறம்பான பேச்சாகாது.

திருவனந்தபுரம் மாவட்டத்தில் நெய்யாற்றின்கரைக்கு உள்நாட்டுப் பக்கமாக ஒற்றசேகரமங்கலம் என்னும் ஊர் இருக்கிறது. பாறசாலை, வெள்ளறடை முதலிய எல்லை ஊர்கள் அதற்கு அணித்தே உள்ளன. 1956 நவம்பர் 1ஆம் நாள் மாநில எல்லைகள் திருத்தப்பட்டபோது விளவங்கோடும் கல்குளமும் சென்னை மாநிலத்தைச் சேர்ந்தன. நெய்யாற்றின்கரை கேரளத்திலேயே நின்றது. எனினும் கோட்டுக்கு இருபுறமும் உள்ளவர்கள் ஒரே சந்தைக்குப் போகிறார்கள், ஒரே மழையில் நனைகிறார்கள். இருபுறத்து இளைஞரும் ஞாயிற்றுக்கிழமை காலையில் வண்டிகளைச் சேர்த்துக்கொண்டு திற்பரப்பு அருவிக்கோ, பத்மநாபபுரம் அரண்மனைக்கோ, 1958இல் கட்டி முடிந்த நெய்யாறு அணைக்கோ சென்று வருவது இப்பக்கத்து வழக்கம். போகிற வழியில் தேநீர்க் கடை. அங்கே வண்டிப் பேச்சு தொடங்கி எல்லாப் பேச்சும் நடக்கும். ஒருவர் நிழற்படம் எடுப்பவர். மற்றொருவர் மீன் வளர்ப்பவர். ரப்பர்க் கன்றில் ஒட்டுக்கட்டத் தெரிந்தவர் ஒருவர் இருந்தால், திரும்பும்போது இன்னும் இருவருக்கு அது தெரிந்திருக்கும். வெறும் பொழுதுபோக்கு என்று இதனை இகழ்வோர் உண்டு. நான் இகழேன்.

ஏன் எனில், இந்நாட்டுச் சாலைகளின் வரலாறு அத்தகையது. நெய்யாற்றின்கரைக்கு மேற்கே, விழிஞ்ஞத்தை ஒட்டிய வெங்ஙானூரில் 1863இல் பிறந்த அய்யன்காளி, 1893இல் வில்வண்டி ஒன்றை விலைக்கு வாங்கி, வெள்ளைக் காளை இரண்டு பூட்டி, தம் மக்களுக்கு மறுக்கப்பட்டிருந்த பொதுச்சாலையில் அதைச் செலுத்தினார். தடுத்தவர்கள் இருந்தார்கள், தாக்கியவர்களும் இருந்தார்கள். வண்டி நிற்கவில்லை. அச்சாலைகளின் ஓரத்திலேயே இன்று இன்னாருடைய மகன் என்று கேளாமல் ஒருவன் வண்டிக்கு மற்றொருவன் முழந்தாளிட்டுச் சங்கிலி பூட்டுகிறான். எண்ணெய்க் கையோடு ஒரே குவளையைக் கைமாற்றிக் குடிக்கிறார்கள். சாதி ஒழிந்தது என்று இதனைக் கொண்டு சொல்லிவிட முடியாது. ஆனால் திருகுகோலைக் கைநீட்டி வாங்குகிறவன் கொடுக்கிறவனின் குலத்தைக் கேட்பதில்லை என்பது கண்கூடு. நாம் எதற்காகத் திரிசரணம் புகுந்தோமோ, அதன் சிறு கீற்று அங்கே தெரிகிறது.

நிற்க. இனி வண்டிக்கு வருவோம்.

இப்பகுதியில் ஜூன் மாதத்தில் இடவப்பாதி மழையும், ஐப்பசியில் துலாமழையும் பெய்கின்றன. செம்மண் குழம்பு சாலையில் வழிந்தோடும். ரப்பர்த் தோட்டச் சரிவுகளில் சருகு ஈரத்தோடு படிந்திருக்கும். செம்மண் நீர் சங்கிலியில் புகுந்து உலர்ந்தால் அரத்தூள் போல் அராவும். மழைக்காலத்தில் சங்கிலியை அடிக்கடி மண்ணெண்ணெய் தொட்ட மெல்லிய தூரிகையால் கழுவி, துடைத்து, எண்ணெயிடவேண்டும். சில சங்கிலிகளின் கணுக்களில் ரப்பர் வளையங்கள் உண்டு. அவற்றில் கம்பித் தூரிகை படலாகாது. எண்ணெய் மிகுந்து டயரிலோ தடைத் தட்டிலோ தெறித்தால் அது வண்டியைப் பேணியதாகாது, உயிருக்கு உலை வைத்ததாகும்.

சங்கிலியின் தொய்வு இன்னும் நுட்பமானது. நடுவில் விரல் வைத்து மேலும் கீழும் அசைத்தால் 25 முதல் 30 மில்லிமீட்டர் வரை அசையவேண்டும் என்பது பல வண்டிகளுக்கு உரிய அளவு. தத்தம் வண்டியின் அளவைக் கையேட்டில் பார்த்துக்கொள்க. தொய்வு மிகுந்தால் சங்கிலி பல்சக்கரத்தை விட்டு நழுவிப் பின்சக்கரத்தைப் பூட்டிவிடும். அதற்கு அஞ்சி இறுக்கிக் கட்டினால், இருவர் ஏறி அமர்ந்து பின்சக்கரம் மேலெழும்போது சங்கிலி மேலும் இழுபட்டு, பல்சக்கரமும் தாங்கிகளும் தேயும், அறுதலும் உண்டு. கால் குருதி சிந்தும்வரை நடந்து நடந்து தியானம் பழகிய சோணர் என்னும் பிக்குவை நினையுங்கள். இல்லறத்தில் அவர் யாழ் வல்லவர். நரம்பு மிக இறுகினாலும் மிகத் தளர்ந்தாலும் யாழ் இசைக்குமோ என்று பகவான் அவரைக் கேட்டார். அவ்வினாவை ஒவ்வொரு சங்கிலியும் நம்மிடம் கேட்கிறது. சக்கரத்தின் ஆரக்கம்பிகளோ உண்மையிலேயே நரம்புகள்தாம். கைதேர்ந்த தொழிலாளர் திருகுகோலால் ஒவ்வொரு கம்பியையும் தட்டி ஓசை கேட்பர். இறுகிய கம்பி கணீரென்னும். தளர்ந்தது மந்தமாய் ஒலிக்கும்.

பழைய வார்ப்பிரும்பு இயந்திரம் கொண்ட புல்லட் வண்டியிலும் இவ்வாறே. இயந்திரம் குளிர்ந்திருக்கையில், வால்வுகளைத் தள்ளும் தண்டுகளைப் பிடித்துத் திருப்பினால் விரலுக்குள் இலகுவாகச் சுழலவேண்டும். மேலும் கீழும் ஆடலாகாது. இறுகியிருந்தால் வால்வு முழுதும் மூடாமல் எரிந்துபோகும். தளர்ந்திருந்தால் தட்டும் ஓசை எழும். அந்த வண்டி நம் சென்னைக்கும் உறவு. இங்கிலாந்தில் ரெடிச் நகரத்து நிறுவனத்தோடு மதராஸ் மோட்டார்ஸ் கூட்டுச் சேர்ந்து 1955இல் திருவொற்றியூரில் அதனை உருவாக்கத் தொடங்கியது. தாய் நிறுவனம் இங்கிலாந்தில் 1970இல் மூடப்பட்டது. சேய் இன்றும் ஓடுகிறது. பிறந்த இடத்தில் அற்றுப்போன ஒன்று வேறொரு மண்ணில் தழைப்பது பௌத்தர்களாகிய நமக்குப் புதிய செய்தியன்று.

இக்கால வண்டிகளில் எரிபொருளை அளந்து செலுத்தும் வேலையை மின்னணுக் கருவிகள் ஏற்றுக்கொண்டன. அவற்றில் கைவைக்க நம்மால் இயலாது. ஆயினும் சங்கிலி, டயர், தடை, விளக்கு ஆகிய நான்கும் இன்னும் உடையவன் பொறுப்பே. வாரத்திற்கு ஒரு முறை, வண்டி ஓடுமுன், டயர் குளிர்ந்திருக்கையில் காற்று அளக்கச் சில நிமிடம் போதும். அச்சில நிமிடம் இல்லை என்பவர், கைப்பிடிக் குழாய்க்கு மெருகேற்ற அரைநாள் செலவிடுவதைப் பார்த்திருக்கிறேன். மினுக்குதல் வேறு, பேணுதல் வேறு. ஊரெழுப்பும் ஓசைக்காக அடக்கியைக் கழற்றி எறிபவரைப் பற்றி இங்குப் பேச விருப்பமில்லை.

பேணுதலில் சிக்கனமும் அடங்கும். உதயண மன்னனின் அந்தப்புரத்தார் ஆனந்தருக்கு ஐந்நூறு ஆடைகளை ஈந்தபோது, இத்தனை ஆடையை இவர் என் செய்வார் என ஐயுற்ற மன்னன் அவரை நேரில் வினவினான். கந்தல் உடுத்த பிக்குகளுக்குப் பகிர்வோம் என்றார் ஆனந்தர். பழைய கந்தலை? விரிப்பாக்குவோம். பழைய விரிப்பை? இவ்வாறு வினாவும் விடையும் தொடர்ந்து, கால்துடைக்கும் துணி வரை வந்து, ஈற்றில் அதனையும் கொத்திக் களிமண்ணோடு பிசைந்து தரை மெழுகுவோம் என்பதில் முடிந்தது. மன்னன் மகிழ்ந்து மேலும் ஐந்நூறு கொடுத்தான். பழைய டியூபை வெட்டிச் சாமான் கட்டும் வாராக்குவதும், கிழிந்த பனியனை எண்ணெய்த் துணியாக்குவதும் அந்த மரபே. ஆனால் தேய்ந்த தடைக்கட்டையையும் வழுக்கையான டயரையும் இம்மரபில் சேர்த்துவிடாதீர்கள். அங்கே சிக்கனம் கொலையாகும்; முதற் சீலம் முறியும்.

இப்பொழுது நான் சொல்ல வந்ததைச் சொல்லுகிறேன். தன் வண்டியின் பழுது தனக்குக் கேட்பதில்லை. நாள்தோறும் சிறிது சிறிதாக வளரும் ஓசைக்குக் காது பழகிவிடுகிறது; நாள்தோறும் சிறிது சிறிதாகத் தளரும் தடைக்குக் கால் பழகிவிடுகிறது. முன்னே போகிறவனுக்குத் தன் பின்விளக்கு அணைந்தது தெரியாது; பின்னே வருகிறவனுக்கே தெரியும். பின்சக்கரம் கோணலாய்ச் சுழல்வதைக் காண்பவனும் பின்வருகிறவனே. பலர் சேர்ந்து செல்வதன் பயன் ஊர் பார்ப்பது மட்டும் என்று எண்ணினால் பாதியை இழந்தோம்.

சங்கத்தில் இதற்கென்று ஒரு நாளே உண்டு. மழைக்காலம் மூன்று திங்கள் ஓரிடத்தில் தங்கியிருந்த பிக்குகள், மீண்டும் வழிநடக்கப் புறப்படுமுன், முழுமதி நாளில் கூடுவர். கண்டதோ, கேட்டதோ, ஐயுற்றதோ, என்பால் குற்றம் இருப்பின் இரங்கிச் சொல்லுங்கள் என ஒவ்வொருவரும் கைகூப்பி மற்றவர்களை வேண்டுவர். பவாரணை என்பது அதன் பெயர். சாவத்தியில் பூர்வாராமத்தில் ஐந்நூறு பிக்குகள் சூழ அமர்ந்திருந்த ஒரு பவாரணையில், தம் செயலிலோ சொல்லிலோ குறை காண்கின்றீரோ என்று முதலில் கேட்டவர் பகவானே. குறையே இல்லாதவர் கேட்டார். பயணத்திற்குமுன் கேட்டார்.

நம்மிடையே இது அரிதாயிருக்கிறது. ஒருவன் வண்டியில் பழுது சொன்னால் அவனையே பழித்ததாகக் கொள்கிறான். சொல்லத் தெரிந்தவனும் நமக்கேன் என்று வாளா இருந்துவிடுகிறான். இரண்டும் தம்மத்தில் கோணலே. முன்னது மானம் என்னும் மயக்கம், பின்னது அன்பின்மை. நண்பனின் தடை தளர்ந்திருப்பதை அறிந்தும் சொல்லாமல், அவனோடு சிரித்துத் தேநீர் பருகி, வெள்ளறடைப் பக்கத்து மழைச்சரிவில் அவனை முன்னே போகவிட்டவன் எப்படி நண்பனாவான்? நல்லோர் நட்பு இவ்வற வாழ்வில் பாதி என்றார் ஆனந்தர். அவ்வாறு சொல்லற்க, அதுவே முழுமை என்று திருத்தினார் பகவான். அந்நட்பு தலைக்கவசம் இல்லாதவனை வண்டியில் ஏற்றாத நட்பாகவும் இருக்கவேண்டும். 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 129ஆம் பிரிவு தலைக்கவசத்தைக் கட்டாயமாக்கியது. 2019இல் செய்த திருத்தம், நான்கு வயதுக்கு மேற்பட்ட எவரும் அதை அணியவேண்டும் என்றது. பின்னால் அமரும் மனைவிக்கும் நடுவில் அமரும் பிள்ளைக்கும் இது பொருந்தும். தன் தலைக்கு மட்டும் கவசம் வாங்கிய குடும்பத்தலைவர்களை நம் விகாரை வாயிலிலேயே காண்கிறோம்.

சொல்லும் முறையும் ஒன்று உண்டு. உரிய காலத்தில், உண்மையாய், இனிமையாய், பயன்தருமாறு, நட்புள்ளத்தோடு பேசுவதே நன்மொழிக்கு இலக்கணமாகப் பகவான் வகுத்தது. பலர் நடுவே நகைத்துச் சொல்லாமல், வண்டி நின்றபின் அருகே சென்று, இயலுமாயின் கையில் திருகுகோலோடு சொல்லுக. உதிரிப்பாகம் வாங்கப் பொருளில்லாதவன் என்று தெரிந்தால், பழுதைச் சொல்லி விட்டுவிடாமல் அதனை வாங்கித் தருவதே தானம்.

பவாரணை முழுமதி புரட்டாசியிலோ ஐப்பசியிலோ வரும். துலாமழையும் அதை ஒட்டியே தொடங்கும். அன்று விகாரைக்கு வண்டியில் வருவோர் ஒரு நாழிகை முன்னரே வரலாம். மண்ணெண்ணெய், தூரிகை, காற்றடிக்கும் பம்பு, காற்றளக்கும் கருவி ஆகியவற்றைக் கைக்கொன்றாகக் கொண்டுவந்தால் போதும். வண்டிகளை அரசமரத்தடியில் வரிசையாக நிறுத்தி, ஒருவர் வண்டியை மற்றொருவர் பார்ப்பது. எவரும் தம் வண்டியைத் தாமே பார்த்துக்கொள்ளுதல் கூடாது. சங்கத் தலைவரின் வண்டி முதலில்.