சூடான தோசை

அம்மா சூடான தோசை சாப்பிட்டு நான் முதன்முதலில் பார்த்தது என் முப்பத்துமூன்றாவது வயதில். போடி பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில், ராத்திரி எட்டரை மணிக்கு, ஒரு தள்ளுவண்டிக் கடையில்.

தேனியில் கண் டாக்டரைப் பார்த்துவிட்டுத் திரும்பியிருந்தோம். கண்ணில் மருந்து விட்டிருந்ததால் வெளிச்சம் கூசியது, வீட்டுக்குப் போய் அடுப்புப் பக்கம் நிற்க முடியாது. "ரோட்டுக் கடையா? என்ன எண்ணெயோ, என்னத்தையோ" என்று முனகிக்கொண்டேதான் பிளாஸ்டிக் ஸ்டூலில் உட்கார்ந்தாள். தட்டில் வாழையிலைத் துண்டு, அதன்மேல் கல்லிலிருந்து நேராக வந்த தோசை, ஓரத்தில் தக்காளிச் சட்னி. ஓரத்தை ஒடித்தாள். சத்தம் கேட்டது. வாயில் போட்டவள் கொஞ்ச நேரம் எதுவும் பேசவில்லை.

"இம்புட்டு மொறுமொறுன்னா இருக்கும் தோசை?"

"நாப்பது வருசமா நீ சுடுறதுதானம்மா?"

"நான் சுடுறது வேற. நான் திங்கிறது வேற."

நான்கு தோசை சாப்பிட்டாள். ஒவ்வொரு தோசைக்கும் நடுவில் எழுந்திருக்கப் போகிறவள் மாதிரி ஒரு அசைவு, பிறகு தான் எழுந்திருக்க வேண்டியதில்லை என்பது நினைவுக்கு வந்து மறுபடி உட்காருதல். கடைசியில் கேட்டாள்: "காசு குடுத்துட்டியா? அப்பச் சரி."

அன்றைக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. எங்கள் வீட்டில் தோசை எப்படி நடக்கும் என்று மனசுக்குள் ஓட்டிப் பார்த்தேன். முதலில் அப்பா. பிறகு பாட்டி, நான், தங்கச்சி. அப்பாவுக்கு இன்னும் ஒன்று. நாங்கள் கை கழுவின பிறகு, அடிமாவில் தண்ணீர் விட்டுக் கலக்கி, கனமாக ஒரே ஒரு தோசை. அதைச் சுட்டு மூடி வைத்துவிட்டு, சமையல்மேடையைத் துடைத்து, பாத்திரத்தை ஊறப் போட்டுவிட்டு அப்புறம் சாப்பிடுவாள். அதற்கு எங்கள் வீட்டில் 'அம்மா தோசை' என்றே பேர். கனமான ஆறின தோசைதான் அம்மாவுக்குப் பிடிக்கும் என்று நானும் தங்கச்சியும் நிஜமாகவே நம்பினோம்.

இஞ்சினியரிங் மூன்றாம் வருடத்தில் ஆபரேட்டிங் சிஸ்டம் பாடத்தில் 'ஸ்டார்வேஷன்' என்று ஒன்று வரும். முன்னுரிமை குறைந்த ஒரு வேலை, தன்னைவிட முன்னுரிமை கூடிய வேலைகள் வந்துகொண்டே இருப்பதால் தன் முறை வராமலே காத்துக் கிடப்பது. பட்டினி என்ற பெயரைத் தெரிந்துதான் வைத்திருக்கிறார்கள். அதற்குத் தீர்வும் அதே பக்கத்தில் இருக்கும்: 'ஏஜிங்'. காத்திருக்கும் நேரம் கூடக் கூட அந்த வேலையின் முன்னுரிமையையும் ஏற்றிக்கொண்டே போக வேண்டும். பரீட்சையில் எழுதி மார்க்கும் வாங்கினேன். வீட்டில் அம்மாவுக்கு வயதுதான் ஏறியது.

சாப்பாட்டைப் பற்றி நாம் எழுதுவதையும் வீடியோ எடுப்பதையும் அன்றிலிருந்து கொஞ்சம் சந்தேகத்தோடுதான் பார்க்கிறேன். "என்ன இருந்தாலும் வீட்டுச் சாப்பாடு மாதிரி வருமா?" இந்த வாக்கியத்தை யார் சொல்லிக் கேட்டிருக்கிறீர்கள்? சமைக்கிறவர் சொல்லி நான் கேட்டதில்லை. ருசி என்று நாம் கொண்டாடுவதில் பாதி, சரியான நேரத்தில் சரியான சூட்டில் கிடைப்பது. அந்தச் சூட்டுக்காக யாரோ ஒருவர் நின்றுகொண்டிருக்க வேண்டும். கடையில் நிற்பவருக்குக் காசு கொடுக்கிறோம். வீட்டில் நிற்பவருக்கு 'கைப்பக்குவம்' என்று ஒரு பாராட்டு. (தி கிரேட் இந்தியன் கிச்சனைச் சொல்ல வருகிறேன் என்று நினைக்க வேண்டாம். அந்தப் படத்தை நான் பார்த்ததே அம்மா கொடுத்த டீயைக் குடித்துக்கொண்டுதான்.)

இம்மானுவேல் காண்ட் சாப்பாட்டைப் பற்றி எழுதியிருக்கிறார் என்பது எனக்கு வெகுநாள் தெரியாது. 1798-இல் வந்த அவருடைய மானுடவியல் நூலில், சிந்திக்கிற மனிதன் தனியாக உட்கார்ந்து சாப்பிடுவது நல்லதல்ல என்கிறார். விருந்தில் எத்தனை பேர் இருக்க வேண்டும் என்பதற்கும் ஒரு கணக்கு உண்டு: அழகுத் தேவதைகளான மூன்று பேருக்குக் குறையக் கூடாது, கலைத் தேவதைகளான ஒன்பது பேரைத் தாண்டக் கூடாது. படிக்க நன்றாக இருக்கிறது. ஆனால் காண்டின் வீட்டில் லாம்பே என்றொரு வேலைக்காரர் இருந்தார். பழைய சிப்பாய். ஏறக்குறைய நாற்பது வருடம் காண்டைக் காலை ஐந்து மணிக்கு எழுப்பிவிட்டவர். சமைப்பதற்கு ஒரு பெண்ணும் இருந்தார். மூன்றிலிருந்து ஒன்பது வரையான அந்தக் கணக்கில் இவர்கள் இரண்டு பேரும் வரமாட்டார்கள். அது உட்கார்ந்தவர்களின் கணக்கு. எந்த மனிதரையும் வெறும் கருவியாக நடத்தாதே என்று சொன்னவரின் சாப்பாட்டு மேஜை அது. காண்டைக் குற்றம் சொல்லி நான் பெரிய ஆளாகப் போவதில்லை. 'அம்மா தோசை' என்று பேர் வைத்தவன் நான்.

என் அம்மா உட்கார்ந்து சாப்பிட்ட இடம் ஒன்று இருந்தது. ஆனால் அது வீட்டில் இல்லை, மலையில்.

இருபத்தாறு வருடம் அம்மா ஏலக்காய்த் தோட்டத்துக்கு வேலைக்குப் போனாள். போடி, தேவாரம், கோம்பை, கம்பம் பக்கத்து ஊர்களில் விடியுமுன் நின்று பார்த்தால் தெரியும், ஜீப் ஜீப்பாகப் பெண்கள் ஏறிப் போவார்கள். மூன்றரை மணிக்கு எழுந்து சமைத்து, எங்களுக்கு எடுத்து வைத்துவிட்டு, தூக்குச்சட்டியில் தனக்குக் கொஞ்சம் சோறும் குழம்பும். முந்தல் தாண்டி வளைவு வளைவாக ஏறி, போடிமெட்டு செக்போஸ்ட்டில் கேரளத்துக்குள் நுழைந்து, பூப்பாறை, சாந்தன்பாறைப் பக்கம் எங்காவது ஒரு தோட்டம். ஏலச்செடி ஆள் உயரத்தைத் தாண்டி நிற்கும். ஆனால் காய் மேலே இல்லை. தூரிலிருந்து கிளம்பி மண்ணோடு படர்ந்து கிடக்கிற சரத்தில் இருக்கிறது. குனிந்தோ குத்தவைத்தோதான் எடுக்க வேண்டும். எல்லாக் காயையும் உருவிவிடவும் முடியாது. முற்றினதை மட்டும் ஒவ்வொன்றாகப் பார்த்து எடுக்க வேண்டும். மழை, அட்டைக்கடி வேறு.

பிளஸ் டூ லீவில் ஒரு நாள் நானும் ஜீப்பில் ஏறிப் போனேன். காலைச் சாப்பாட்டு நேரத்தில் பெண்கள் வட்டமாக உட்கார்ந்தார்கள். தூக்குச்சட்டிகள் திறந்தன. அடுத்து நடந்ததை நான் எதிர்பார்க்கவில்லை. யாரும் தன் குழம்பைத் தான் சாப்பிடவில்லை. மொச்சைப் புளிக்குழம்பு இந்தப் பக்கம் போனது, கொள்ளுத் துவையல் அந்தப் பக்கம் வந்தது, யாரோ வறுத்த மோர்மிளகாயைக் காகிதத்தில் பிரித்து வைத்தார்கள். "மதினி, இன்னிக்கு உப்பு தூக்கல்." "உங்க அண்ணன்ட்ட சொல்லுங்க, அவருதான் உப்பப் போட்டாரு." சிரிப்பு. அம்மா சத்தமாகச் சிரித்தாள். வீட்டில் அப்படிச் சிரித்துக் கேட்டதில்லை. சோறு ஜில்லென்று இருந்தது, ஒருத்தரும் அதைப் பற்றிப் பேசவில்லை.

அவள் எடுத்த காய், ஸ்டோரில் உலர்ந்து ஐந்து கிலோ ஒரு கிலோவாகச் சுருங்கி, போடியிலோ புற்றடியிலோ ஸ்பைசஸ் போர்டு ஏலத்துக்குப் போய், எங்கெங்கோ போகும். ஒரு பகுதி வளைகுடா நாடுகளின் காபிக் கெண்டிக்கு, ஒரு பகுதி பெங்களூரில் என் ஆபீஸ் கேன்டீன் டீக்கு. எங்கள் வீட்டு அடுக்களையில் மட்டும் ஏலக்காய் கிடையாது. பொங்கலுக்குக்கூடச் சுக்குதான். "அந்த வாடை நாள்பூரா மூக்குலயே கிடக்கு, வீட்லயும் வேணுமா?" என்பாள். 2019 ஆகஸ்டில் ஏலத்தில் உச்சவிலை கிலோவுக்கு 7,000 ரூபாயைத் தொட்டபோது, பெங்களூரிலிருந்து போன் போட்டு உற்சாகமாகச் சொன்னேன். "அப்படியா? கூலி அதேதான்" என்றாள்.

அந்தக் கோபத்தில் நான் கொஞ்ச நாள் ஏலக்காய் டீ குடிப்பதில்லை என்று முடிவெடுத்திருந்தேன். அதைப் பெருமையாக அவளிடம் சொல்லவும் செய்தேன். "கிறுக்கா. எல்லாரும் குடிக்காம இருந்தா எங்களுக்கு எவன் வேல குடுப்பான்?" அதோடு அந்த விரதம் முடிந்தது. 2023 ஜனவரியில் சபரிமலை அரவணைப் பாயசத்தில் போட்ட ஏலக்காயில் அளவுக்கு மேல் பூச்சிமருந்து இருப்பதாகச் சொல்லி, கேரள உயர் நீதிமன்றம் விற்பனையை நிறுத்தியது. ஆறு லட்சத்துக்கும் மேற்பட்ட டின்கள் அப்படியே முடங்கின. மறு வருடம் உச்ச நீதிமன்றம் அந்த உத்தரவை ரத்து செய்தது, அது வேறு கதை. டிவியில் செய்தி பார்த்த அம்மா கேட்டது இதுதான்: "காய்ல மருந்து இருக்குன்னு இப்பத்தான் தெரிஞ்சுச்சா? அடிச்ச மறுநாளே நாங்க அதுக்குள்ளதான உக்காந்து சாப்பிட்டோம்."

சாப்பிடுகிறவனின் குற்ற உணர்ச்சியால் சமைத்தவருக்கோ விளைவித்தவருக்கோ ஒரு தம்படி பிரயோஜனம் இல்லை என்று அப்போது தோன்றியது. அது என் வாய்க்கு நான் போட்டுக்கொள்ளும் இன்னொரு மசாலா. அதைவிட, யார் உட்கார்கிறார்கள், யார் நிற்கிறார்கள் என்று பார்ப்பது உருப்படியான வேலை. இந்த இடத்தில் தள்ளுவண்டிக் கடையைப் புகழ்ந்து கட்டுரையை முடித்திருப்பேன். காசு கொடுத்தால் யாருக்கும் சூடான தோசை, யாருக்கும் ஸ்டூல் என்று. கல்லூரி நண்பன் ஒருவனிடம் இதைப் படிக்கக் கொடுத்தேன். அவனும் எங்கள் பக்கத்துக்காரன்தான்.

"யாருக்கும் ஸ்டூலா? எங்கப்பா டீயைக் கடைக்கு வெளியில நின்னுதான் குடிச்சாரு. அவரு கிளாஸ அவரே கழுவி வைக்கணும்" என்றான்.

அவன் அப்பா நின்ற மாதிரி ஒரு கடையில்தான் நான் சின்ன வயதில் பெஞ்சில் உட்கார்ந்து பருப்பு வடை தின்றிருப்பேன். அந்த பெஞ்ச் எங்கள் தெருவுக்கு எப்போதும் கிடைத்தது, அதனாலேயே அது என் நினைவில் ஒரு விஷயமாகப் பதியவில்லை. 1989-இல் போடியில் நடந்த சாதிக் கலவரத்தைப் பற்றியும் பெரியவர்கள் குரலைத் தாழ்த்திப் பேசிக் கேட்டிருக்கிறேனே தவிர, நேராக யாரையும் கேட்டதில்லை. இந்திய அரசியலமைப்பின் 15(2) பிரிவில் கடைகள், உணவகங்கள் என்று பெயர் சொல்லியே எழுதியிருக்கிறார்கள். அங்கே சாதி, மதம், பால் பார்த்து யாரையும் தடுக்கக் கூடாது. அடிப்படை உரிமைகளின் பட்டியலில் டீக்கடை பெஞ்சுக்கும் இடம் வேண்டியிருக்கிறது என்றால், அதை எழுதியவர்கள் இந்த நாட்டைத் தெரிந்து எழுதியிருக்கிறார்கள். அந்தப் பிரிவு கடைவாசலோடு நின்றுவிடும். அடுக்களைக்குள் வராது, தோட்டத்தில் சோறு தின்னும் பாறைக்கும் வராது.

பாறை. நண்பனிடம் பேசிய பிறகுதான் எனக்கு அது ஞாபகம் வந்தது. அன்றைக்கு அந்த வட்டத்துக்குக் கொஞ்சம் தள்ளி, ஒரு பாறைமேல், இன்னொரு அக்கா தனியாக உட்கார்ந்து சாப்பிட்டார். அதே ஜீப்பில் வந்தவர்தான். அவருடைய தூக்குச்சட்டி எந்தப் பக்கமும் போகவில்லை. அதை நான் பார்த்தேன். பார்த்தது எனக்குத் தெரியவில்லை.

ஊருக்குப் போனபோது அம்மாவிடம் கேட்டேன். வெகுநேரம் பதில் இல்லை. முறத்தில் பருப்பைப் புடைத்துக்கொண்டிருந்தாள்.

"யாரும் அவளை அங்கன போய் உக்காருன்னு சொல்லல."

"வான்னும் சொல்லலயே."

"சொல்லல." கொஞ்சம் கழித்து, என்னைப் பார்க்காமல்: "அவ கருவாட்டுக் குழம்பு வாசம் எட்டூருக்கு அடிக்கும். ஒருவாட்டி கேட்டுருக்கலாம். நாக்கு கேட்டுச்சு. நான்தான் கேக்கல."

நாக்கை அடக்கு என்றுதான் நமக்கு எல்லாரும் சொல்லித் தந்திருக்கிறார்கள். செவிச்சுவை தெரியாமல் வாய்ச்சுவை மட்டும் தெரிந்தவன் இருந்தால் என்ன, போனால் என்ன என்று வள்ளுவரே கோபப்படுகிறார். ஆனால் அந்த மலையில், இருபத்தாறு வருடம், அந்தப் பாறைக்கும் வட்டத்துக்கும் நடுவில் இருந்த கோட்டைத் தாண்ட ஆசைப்பட்டது நாக்கு ஒன்றுதான். மற்ற எல்லாம், கை, கால், வாய்ப்பேச்சு, எல்லாம் ஊர் சொன்னபடி கேட்டன. எங்கள் வீட்டு அடுக்களையிலும் அப்படித்தான் நடந்திருக்கும். கல்லிலிருந்து எடுக்கிற ஒவ்வொரு தோசையின் வாசமும் முதலில் அவள் மூக்குக்குத்தானே போயிருக்கும்.

போன மாதம் அம்மா பெங்களூருக்கு வந்திருந்தாள். ஞாயிற்றுக்கிழமை தோசை நான் சுடுவதாக ஏற்பாடு. முதல் தோசையை வைத்ததும் பாதி தின்றுவிட்டு எழுந்து வந்து அடுக்களை வாசலில் நின்றாள். "நீ எப்பச் சாப்பிடுவ?" போய் உட்காரச் சொன்னேன். இரண்டாவதற்கும் வந்து நின்றாள். மூன்றாவதற்கு மாவுக் கரண்டியைப் பிடுங்கவே பார்த்தாள். கடைசியில் என் மனைவிதான் ஹாலில் கிடந்த ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு வந்து அடுப்புக்குப் பக்கத்தில் போட்டாள். அம்மா அதில் உட்கார்ந்தாள். அவளுக்கு ஒன்று, மனைவிக்கு ஒன்று, எனக்கு ஒன்று என்று முறை வைத்து, மூன்று பேரும் அடுக்களையிலேயே, இடித்துக்கொண்டு சாப்பிட்டோம். என் தோசை இரண்டு கருகிவிட்டது. சட்னி வேறு பாதியிலேயே தீர்ந்துபோனது.

ஐந்தாவதோ ஆறாவதோ தோசையை மென்றுகொண்டே அம்மா சம்பந்தமில்லாமல் சொன்னாள்:

"அந்தக் கொழம்புல மாங்கா போட்டுருப்பா போல."