இரண்டு பீலி, ஒரே ஊற்று

தோட்டத்து லயத்துக்கு இரண்டு தண்ணீர்ப் பீலி இருந்தால் நமக்கு ஒரு நிம்மதி. ஒன்றில் தண்ணீர் நூலாய் மெலிந்தாலும் குடத்தைத் தூக்கிக்கொண்டு மற்றதற்குப் போகலாம். ஆனால் இரண்டும் ஒரே ஊற்றிலிருந்து வருபவை என்றால், கோடையில் இரண்டும் ஒன்றாகவே வற்றும். எண்ணிக்கையில் இரண்டு, விதியில் ஒன்று.

பதுளைப் பக்கத்துத் தோட்டப் பாடசாலையொன்றின் கணினி அறைக்கு இணையம் கொண்டுவரும்போதும் இரண்டு வழி வைத்தாலும் ஊற்று ஒன்றா என்ற கேள்விதான் எழுகிறது. கையில் இருப்பதோ சொற்பப் பணம். நூற்றுக்கு 99 பங்கு நேரம் இயங்கும் இணைப்புகூட ஆண்டில் மூன்றரை நாளுக்கு மேல் ஊமையாகிவிடும். ஒன்றின் பழுது மற்றதைத் தொடாத இரண்டு இணைப்புகள் இருந்தால், இரண்டும் ஒருசேர ஊமையாகும் நேரம் ஆண்டுக்கு ஒரு மணித்தியாலத்துக்கும் குறைவு. ஆனால் இரண்டு கம்பிகளும் ஒரே பாதையோரத் தூண்களில் தொங்கினால் இந்தக் கணக்கு பொய்த்துப்போகும். சரியும் மலை தன்மேல் இருக்கும் எதையும் பிரித்துப் பார்ப்பதில்லை. 2014 அக்டோபர் 29 காலை மீரியபெத்தை மண்சரிவில் நாம் அதைக் கண்டோம்.

ஆகவே ஒன்று கம்பியில் வரட்டும். மற்றது எதிர்மலைக் கோபுரத்திலிருந்து வரட்டும். மின்சாரம் நின்றாலும் தாங்க ஒரு பற்றரி இருக்கட்டும். எளிதில் பழுதாகும் மலிவான உறுப்புகளையும், ஒவ்வொன்றுக்கும் பல வழிகள் வைத்துப் பின்னினால், உறுதியான வலையாக்கலாம் என்று அமெரிக்கப் பொறியியலாளர் பால் பரன் 1964இல் விளக்கினார். வறியவர்க்கு இதைவிட ஆறுதலான கணிதம் வேறில்லை.

இந்த உண்மை கம்பிகளோடு முடிவதில்லை. கோப்பியை மட்டுமே நம்பியிருந்த மலைநாட்டை, 1869இல் மடூல்சீமையில் முதன்முதலாகக் காணப்பட்ட இலைநோய் இருபதே ஆண்டுகளில் வீழ்த்தியது. பிறகு தேயிலை வந்தது. ஆனால் வேலையும் கூலியும் குடியிருக்கும் கூரையும் ஒரே தோட்டத்தில் கட்டுண்டிருந்த வாழ்வில், வேலை போன அன்றே கூரையும் ஆட்டம் காணும் அச்சம் தலைமுறை தலைமுறையாய் நம்மோடு தங்கிவிட்டது. ஒன்று விழும்போது அதோடு சேர்ந்து எவையெல்லாம் விழும் என்பதை விழுவதற்கு முன்பே கேட்டறிந்து, அவற்றுள் ஒன்றையேனும் வேறொரு வேரில் ஊன்றிவைக்கிற முன்யோசனைதான், வலைக்கும் குடும்பத்துக்கும் சமூகத்துக்கும் உறுதி என்று நாம் பெயர் சொல்லக்கூடிய ஒரே பொருள். அதைப் பெறச் செல்வம் வேண்டியதில்லை, எல்லாம் நன்றாய் ஓடிக்கொண்டிருக்கும் நாளிலேயே ஊற்று வரை நடந்துபோய்ப் பார்த்துவரும் மனம் வேண்டும்.